கூரை பொறுக்கட்டும் என்றவள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பெற்றேன், ஒன்பது வளர்த்தேன். கூட வந்த இரண்டும் கடல் எடுத்த என் தங்கையின் பிள்ளைகள். நாலு பெண்களுக்கு நாலு வீடு நிமிர்த்தி, நாலு மருமக்களை அழைத்துவந்து குடியிருத்தினேன். எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீடு இல்லாத பெண்ணைக் கேட்டு ஒரு செருப்பும் வாசலில் கழலாது. அதனால் பெண் பிறந்த அன்றே கல்லும் மண்ணும் பற்றிய கவலை பிறந்துவிடும். அந்தக் கவலையை நாலு தரம் பட்டு, நாலு தரமும் வென்றவள் நான். வீட்டுக் காரியத்தில் சாய்ந்தமருதில் என்னிடம் புத்தி கேட்காத குடும்பம் குறைவு.

படிப்பு எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. குர்ஆன் ஓதுவேன். பஸ்ஸின் முகப்பில் இருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிக் கண்டுபிடிப்பேன். அதற்கு மேல் இல்லை. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

எங்கள் வீட்டின் முன்னறையில் ஆறு வருடம் போர்டிங் இருந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஆஸ்பத்திரி லெப்பில் வேலை. இரத்தம் சோதித்துச் சொல்லுகிறவள். பெயர் வேண்டாம். அவள் நன்றாக இருக்கிறாள், ஊர் அவளைப் பற்றி ஏற்கெனவே கதைத்தது போதும்.

அறை பார்க்க வந்த அன்றே அவள் யார் என்று தெரிந்துவிட்டது. மற்றவர்கள் வந்தால் யன்னலைத் திறந்து பார்ப்பார்கள், குழாயைத் திருகுவார்கள், வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள். இவள் கேட்டது இதுதான்:

"மாமி, ஒரு பாய் தருவீங்களா? ஒரு பகல் படுத்துப் பாத்துட்டுச் சொல்றன்."

நான் சிரித்தேன். பாயைக் கொடுத்தேன். பகல் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தவள் பின்னேர அஸர் பாங்குக்குத்தான் எழும்பினாள். முகம் கழுவி வந்து, "பின்னேர வெயில் நேரா மூஞ்சில அடிக்கிது. ஆனா காத்து வருது. எடுக்கிறன்" என்றாள். சாப்பாட்டுக்கும் அப்படித்தான். மூன்று நாள் என் கறியைத் தின்று பார்த்த பிறகுதான் மாதச் சாப்பாட்டுக்குச் சம்மதித்தாள். எனக்கு அது கொஞ்சம் சுட்டது. என் கறியை முகர்ந்துவிட்டே இரண்டாம் தரம் சோறு கேட்கிற ஊர் இது.

கல்முனை பஸாரில் செருப்பு வாங்கப் போனால், அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் பத்து நிமிடம் நடப்பாள். ஒரு நாள் கடைக்காரர் பொறுக்க முடியாமல், "புள்ள, காரைதீவு மட்டும் ஒருக்கா நடந்துட்டு வாங்களன், நான் கடையத் தொறந்து வச்சிரிக்கன்" என்றார். அவள் கோபப்படவில்லை. அண்ணனோடு கதைக்கிற மாதிரி, "குதிகால் கொஞ்சம் இறுக்கம் காக்கா, அரை மணித்தியாலம் போனாத்தான் கடிக்கும்" என்று கழற்றி வைத்தாள். யார் என்ன கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்தான்: பாத்துட்டுச் சொல்றன். என் வீட்டுச் சின்னதுகள் அதைச் சொல்லி அவளைப் பகிடி பண்ணும். ஐஸ்கிறீம் வேண்டுமா என்று ஒன்று கேட்டால், பாத்துட்டுச் சொல்றன் என்று மற்றது இழுக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவளுடைய வாப்பா நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவர். அறுவடை முடிந்தால் மோட்டார் சைக்கிளில் ஒரு மூட்டை அரிசியைக் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டு, மகளிடம் நாலு சொல்லும் கதைக்காமல் போவார். மகளுக்கென்று அவர் கட்டிய வீடு அப்போது கூரை மட்டத்துக்கு எழும்பி நின்றது. சுவர் இருந்தது, கதவு நிலை இருந்தது, கூரை இல்லை. அறைகளுக்குள் புல் முளைத்து, அயல் ஆடுகள் உள்ளே வந்து மேய்ந்தன. கூரைக்கென்று இரண்டு வருடமாக ஒதுக்கியது கையில் இருந்தது. அதுதான் அவரிடம் கடைசி. பிள்ளைக்கு வயது முப்பத்திரண்டு.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் அடுப்படிக்கு வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் குந்தினாள்.

"மாமி, நான் எம்.பி.ஏ. படிக்கலாமா எண்டு யோசிக்கன்."

"அது படிச்சா டொக்டரா?"

"இல்ல."

"எஞ்சினியரா?"

"அதும் இல்ல. ஆக்கள வச்சு வேல செய்விக்கிற படிப்பு மாமி."

"அதுக்கு என்னத்துக்குப் படிப்பு? நான் ஒம்பது புள்ளய வச்சு வேல செய்விச்சன். எனக்கு ஆரு படிப்பிச்ச?"

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒம்பது வருஷமா ஆக்கள்ட ரெத்தத்தோட இரிக்கன் மாமி. ஒரு ஆளையும் காணல்ல. குழாய் வருது, குழாய் போகுது. இதவிட்டு வேற வேலக்கிப் போகணும்."

எந்த வேலை என்பதையும் சொன்னாள். ஆஸ்பத்திரிகளுக்கு லெப் மெஷின் கொண்டுவந்து கொடுக்கிற கம்பெனி ஒன்று. அதன் கிழக்குப் பக்கத்துக்குப் பொறுப்பாக மட்டக்களப்பிலிருந்து ஒரு மிஸ் வருவாராம். அப்படியான வேலைகளுக்கு இப்போது அந்தப் படிப்பைக் கேட்கிறார்களாம். சனி ஞாயிறு வகுப்பு, இரண்டு வருடம். செலவுக்கு அவளிடம் இருக்கிற வழி ஒன்றே ஒன்று: வாப்பா கூரைக்கு வைத்திருப்பது.

என் கை நின்றுவிட்டது. கூரையைத் தின்று படிக்கிற படிப்பை நான் கேள்விப்பட்டதில்லை.

"வாப்பாக்கிட்டச் சொன்னியா?"

"சொன்னன். ஒன்ட வீடு, ஒன்ட முடிவு எண்டாரு. சொல்லிட்டு அங்கால திரும்பிட்டாரு."

அவளுக்கு முதுகைக் காட்டிய அந்த மனிதர் என் கண்ணுக்குள் நின்றார். அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மறைத்தால் இந்தக் கதை நேராக இருக்காது. அந்தப் பிள்ளைக்கு ஏற்ற ஒரு மாப்பிள்ளை என் மனதில் இருந்தான். இங்கிலீஷ் மாஸ்டர், குணமானவன். அவனுடைய உம்மாவிடம் போனேன். "நோன்புக்கு முதல் கூரை ஏறிடும்" என்று வாயால் வார்த்தை கொடுத்தேன். பிறகு வாப்பாவுக்குப் போன் எடுத்து, "கூரையப் போடுங்க, புள்ள மறுகா வழிக்கு வரும்" என்றேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு ஓடாவியை அளக்க அனுப்பினேன். என் நாலு வீட்டுக்கும் கூரை மரம் வேலை செய்தவர் அவர்.

ஓடாவி அளந்துவிட்டு, விபரம் கேட்க யாரைப் போனில் அழைத்தார் என்று நினைக்கிறீர்கள்? அவளைத்தான். லெப்பில் வேலையாக இருந்தவளிடம், "தங்கச்சி, கூரை வளைக்குத் தென்னை மரமா முதிரை மரமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று பின்னேரம் வந்தாள். பையைக் கழற்றி மாட்டினாள், கை கழுவினாள், என் முன்னால் கதிரை போட்டு இருந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்து நாலு பதில் தயாராக வைத்திருந்தேன்.

"மாமி, நீங்க சொல்றது சரியாவும் இரிக்கலாம்" என்றாள். "ஆனா எனக்காக நீங்க படுத்துப் பாக்க ஏலாதே. நான் பாத்துட்டுச் சொல்றன். அடுத்த அறுவடை மட்டும் பொறுங்க."

தயாராக வைத்திருந்த நாலு பதிலையும் அப்படியே வைத்துவிட்டு அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.

முதலில் வகுப்பைப் பார்த்தாள். சேராதவர்கள் வகுப்பில் இருக்க முடியாது என்று பதிவு செய்கிற கந்தோரில் சொல்லிவிட்டார்களாம். படிப்பிக்கிறவரையே நேரே போய்க் கேட்க, அவர் பின்வரிசை வாங்கில் இருக்கச் சொன்னாராம். மூன்று சனிக்கிழமை போனாள். பாடத்தைக் கேட்டதைவிட, பகல் சாப்பாட்டு நேரம் ஒவ்வொருவர் பக்கத்திலும் இருந்து, ஏன் படிக்கிறீர்கள், படித்து என்ன மாறியது என்று கேட்டதுதான் கூட. ஒருவர் பதவி உயர்வுக்கு என்றாராம். ஒருத்தி தம்பி படித்துவிட்டான், அதனால் நானும் என்றாளாம். ஒரு பேங்க்காரர் மட்டும் உண்மை சொல்லியிருக்கிறார்: "தங்கச்சி, சனி ஞாயிறு வீட்டில இரிந்தா மாமியார்ட வேலிதான் கட்டணும். இஞ்ச குளிரூட்டி போட்ட அறை."

"அப்ப ஒனக்கு எப்பிடி?" என்றேன்.

"ஆறு மணித்தியால வகுப்பில நித்திர வரல்ல மாமி" என்றாள். "ஆனா படிப்பு பிடிச்சா மட்டும் போதாது. அதுக்கு அங்கால இரிக்கிற வேலயையும் பாக்கணும்."

மட்டக்களப்பு மிஸ்ஸிடம், மூன்று நாள் உங்களோடு வேனில் வரவா என்று கேட்டிருக்கிறாள். அவர் சரி என்றார். சாரதி ஆண்பிள்ளை என்பதால் வாப்பா, மாமி கூடப் போனால் போகட்டும் என்றார். நான் உடனே சம்மதித்தேன். அவளுக்கு உதவ அல்ல. அலைச்சலைக் கண்டால் இந்தப் பிள்ளை தானாகவே கூரைக்குக் கீழே வந்துவிடும் என்ற கணக்கு எனக்கு.

வெற்றிலைப் பையோடு பின்சீட்டில் ஏறினேன். முதல் நாள் முழுவதும் ஆஸ்பத்திரி நடைகளில் காத்திருந்தோம். பெரியவர் ரவுண்ட் போயிருக்கிறார், பெரியவர் மீட்டிங், பெரியவர் சாப்பாடு. அந்த மிஸ் யாரைக் கண்டாலும் சிரித்தார். அதில் பாதி உதட்டோடு நின்ற சிரிப்பு. வரும் வழியில் பிள்ளை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தச் சிரிப்பு எனக்கு வராது மாமி" என்றாள். நான் மனதுக்குள் ஓடு வேய்ந்து கூரையை ஏற்றி முடித்துவிட்டேன்.

இரண்டாம் நாள் உட்பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே கொடுத்த மெஷின் பழுதென்று முறைப்பாடு. போய்ப் பார்த்தால் மெஷினுக்குப் பூப்போட்ட சீலையால் உறை தைத்து மூடி, மேலே பிளாஸ்டிக் பூச்சாடி வைத்திருந்தார்கள். அந்த லெப்பில் இருந்த பெண்ணுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கும். "இது வேல செய்யிதில்ல மிஸ், திருத்த ஆள் அனுப்புங்க" என்றாள். மிஸ் போனை எடுத்தார். எங்கள் பிள்ளை அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

மிஸ் போனார். எனக்குக் கால் நோவு. வெளி வாங்கிலேயே இருந்தேன். கதவு திறந்திருந்தது.

"அக்கா, பழைய முறையில எப்பிடிச் செய்யிற நீங்க? ஒருக்கா செஞ்சு காட்டுங்க, நான் பாக்கன்."

அந்தப் பெண் செய்தாள். கை அவ்வளவு சுத்தம். "என்ட கைய விட உங்கட கை நல்லாரிக்கி அக்கா" என்றாள் இவள். பிறகு அந்தப் பெண், "இத அமத்தி ஏதாச்சும் பிழையாப் போனா, இந்த வயசில என்னையத்தானே கேப்பாங்க தங்கச்சி" என்று மெல்லச் சொன்னது கேட்டது. "பிழையாப் போகட்டும். நான் பக்கத்தில இரிக்கன், ரெண்டு பேருமாப் பிழ விடுவம்" என்றாள் இவள்.

ஒரு மணித்தியாலம் கழித்து மிஸ் வந்தபோது பூச்சாடி யன்னலில் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு நாளும் பழுதாகவே இல்லை.

வேனில் ஏறியதும் மிஸ் சொன்னார்: "இப்ப செஞ்சியே தங்கச்சி, இதுக்கு நான் படிச்ச எம்.பி.ஏ.யில ஒரு பாடமும் இல்ல."

"அப்ப அந்தப் படிப்பு என்னத்துக்கு மிஸ்?" பிள்ளை கேட்டாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த மெஷின் குடுக்கிற எண்டு முடிவெடுக்கிற மேசை ஒண்டு இரிக்கி. அந்தப் படிப்பு இல்லாம எட்டு வருஷம் நான் இந்த வேனுக்குள்ளதான். முடிச்ச மறுகாதான் அந்த மேசையில கதிர போட்டாங்க." பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி, "போடாமலும் விடலாம். என்னோட படிச்ச மூணு பேருக்குப் போடல்ல. அதையும் தெரிஞ்சுகொண்டு முடிவெடு" என்றார்.

நல்ல மனுசி. விற்க வந்தவர் சரக்கின் ஓட்டையையும் காட்டியது போல.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் வாப்பாவின் வீட்டில் வேனை நிறுத்தினோம். அந்தக் கூரையில்லாத வீட்டைப் பார்க்க வாப்பாவும் பிள்ளையும் நானுமாக மூன்று பேரும் போனோம். ஒரு தாய் ஆடு குட்டியோடு ஹோலில் படுத்திருந்தது. பிள்ளை ஒவ்வோர் அறையாகப் போய் நின்று பார்த்தாள். வெளியே வந்து, கதவில்லாத வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"வாப்பா, கூரை பொறுக்கட்டும்."

அவர் சுவரைப் பார்த்தார். "மழ வந்தா செவர் நனையுமே மகள்."

"நனைஞ்சா காயும் வாப்பா."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மாமி, நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கள், உங்கள் சொல்லுக்கு அவள் இறங்குவாள் என்று இருந்தது. இறங்கியும் இருப்பாள். மூன்று வருடமாக என் கையால் சாப்பிட்ட பிள்ளை. நோன்புக்கு முதல் கூரை என்று நான் கொடுத்த வார்த்தை ஊரில் ஒரு வீட்டில் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் வாங்கிலிருந்து நான் கேட்டதும் என் காதுக்குள்ளேயே இருந்தது. குழாய் வந்து குழாய் போகிற இடத்தில் இந்தப் பிள்ளையை மூடி வைப்பது, அந்த மெஷினுக்கு உறை தைத்த மாதிரி.

"செவருக்கு மேல சுத்திவர ஒரு வரி சீமெந்து பூசி விடுங்க" என்றேன். "தண்ணி உள்ளுக்கு இறங்காது. ரெண்டு மூணு மாரிக்கு நிக்கும்."

வாப்பா தலையை ஆட்டினார். பிறகு ஆட்டை விரட்டினார்.

வாயால் கொடுத்த வார்த்தையைக் காலால் நடந்துபோய்த் திருப்பி எடுக்க வேண்டியிருந்தது. மாஸ்டரின் உம்மா என்னை இருக்கக்கூடச் சொல்லவில்லை. "கூரையில்லாத வீட்டுல குடியிரிக்க எங்கட மகன் என்ன குருவியா?" என்று கேட்டார். அப்படி ஒரு சொல்லை நான் அதுவரை யாரிடமும் வாங்கியதில்லை. அன்று வாங்கிக்கொண்டு வந்தேன். பிள்ளையிடம் சொல்லவில்லை.

இரண்டு வருடம் படித்தாள். கிழமை நாட்களில் லெப், சனி ஞாயிறு வகுப்பு. முடித்த பிறகு உடனே கதவு திறந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு வருடம் ஒன்றும் வரவில்லை. மிஸ்ஸின் கம்பெனி வேறொருவரை எடுத்தது. "எம்.பி.ஏ. முடிச்சவ இன்னும் போத்தலுக்கு லேபல் ஒட்டுறா" என்று பஸ்ஸில் ஒருத்தி அவள் காதுபடச் சொன்னாளாம். அதை அவளே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். அவள் கண் சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்தேன்.

"வீணாப் போச்சா புள்ள?" என்று கேட்டேன்.

"இன்னும் பாத்து முடியல்ல மாமி" என்றாள்.

அடுத்த மாரிக்கு முன்னால் வேறொரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நினைத்த பதவிக்கு ஒரு படி கீழே. போய் அந்தக் கந்தோரில் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்து வைத்தாள். அரசாங்க வேலையை விட்டதற்கு ஊர் இன்னொரு தரம் கதைத்தது. மேசையில் கதிரை போட அங்கேயும் மூன்று வருடம் எடுத்தது. போட்டார்கள். அப்படியான சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மெஷின் கொடுப்பதென்றால், முதலில் அங்கே வேலை செய்கிற ஆளின் பக்கத்தில் ஒருவர் இரண்டு நாள் இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு ஒழுங்கு கொண்டுவந்தாளாம். அதைப் போனில் சொன்னபோது அவள் குரலில் இருந்த நிறைவை என் நாலு மகள்மாரின் கல்யாணத்தில்கூட நான் கேட்டதில்லை.

கல்யாணமும் ஆனது, அந்த மாஸ்டரோடு அல்ல, வேறொருவரோடு. மாப்பிள்ளை வந்து ஏறிய அன்று ஓர் அறையும் அடுப்படியும்தான் கூரை கண்டிருந்தன. ஹோலில் வெயில் விழுந்தது. வெயில் விழுந்த இடத்தில்தான் பந்திப் பாய் விரித்தார்கள். மாப்பிள்ளைக்குத் தலை கொஞ்சம் வழுக்கை. தொப்பியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு பிரியாணி தின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் விசிறியோடு இருந்தேன். மிச்சக் கூரையை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்டார்கள்.

இப்போது பிள்ளைகள் என்னிடம் வந்து, அந்தப் படிப்புப் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? அந்த மிஸ் சொன்ன மூன்று பேரும் அதே படிப்பைத்தான் படித்தார்கள். அவர்களுக்கும் ஒரு வாப்பா இருந்திருப்பார், ஒரு கூரை இருந்திருக்கும். நான் ஒருத்தியைக் கண்டேன், அவளுக்கு அது சரிவந்தது. அவ்வளவுதான் என் சாட்சி.

ஊரில் இப்போது வேறு மாதிரிக் கதைக்கிறார்கள். சாய்ந்தமருது மாமி புத்தி சொல்லித்தான் அந்தப் பிள்ளை படித்து மேலே வந்தது என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு கல்யாண வீட்டில் நானும் மறுக்காமல் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

சரி பேத்தி, பேனையை வை. முதலிலிருந்து ஒருக்கா ஆறுதலாக வாசி. நான் சொல்லித்தான் அவள் படித்தாள் என்று வருகிற மாதிரி எங்கேயாவது எழுதியிருந்தாய் என்றால், அந்த வரியை வெட்டிவிடு.